விசார்ட் ஆட எந்த இனம்? கிளாஸ் தராததை இனத்திடம் கேளுங்கள்

பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் கிளாஸ் என்பது பாத்திரத்தின் தொழில் (விசார்ட் என்றால் மந்திரவாதி), இனம் என்பது அதன் பிறப்பு (எல்ஃப், ட்வார்ஃப் மாதிரி). கேள்வி இது: "நண்பர்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடப் போகிறோம், 2014 விதிகள். நான் விசார்ட். எல்லோரும் ஹை எல்ஃப் எடு என்கிறார்கள். எனக்கு ட்வார்ஃப் பிடித்திருக்கிறது. எடுத்தால் கெட்டுப்போகுமா?"

கெட்டுப்போகாது. ஹை எல்ஃப் நல்ல தேர்வுதான், ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அரைகுறை. "விசார்ட்டுக்கு இன்டெலிஜென்ஸ் முக்கியம், எல்ஃப் அதைக் கூட்டித் தரும், முடிந்தது" என்பார்கள். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். அதைப் போட்டுக் காட்டிவிட்டு மற்ற இனங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் இதே கணக்குதான் எந்த கிளாஸுக்கும்.

பாத்திரத்துக்குத் திறன்கள் ஆறு: ஸ்ட்ரென்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா. பகடையோடு கூட்டுவது உங்கள் திறன் எண்ணை அல்ல, அதிலிருந்து வரும் மாடிஃபையரை. எண்ணில் 10 கழித்து, இரண்டால் வகுத்து, கீழே முழுமையாக்க வேண்டும். 14க்கு +2, 15க்கும் +2தான். 16க்கு +3, 17க்கும் +3தான். ஒற்றைப்படை எண் கையில் இருப்பது, பஸ்ஸுக்குச் சில்லறை ஒரு ரூபாய் குறைவாக வைத்திருப்பது மாதிரி: அடுத்த ஒன்று வரும்வரை பயனில்லை.

திறன்களைப் புள்ளி கொடுத்து வாங்கும் 27 புள்ளி முறையில் ஒரு திறனை அதிகபட்சம் 15 வரை வாங்கலாம். விலை 8க்கு 0, 12க்கு 4, 13க்கு 5, 14க்கு 7, 15க்கு 9. இப்போது ஹை எல்ஃபுக்கு இன்ட் +1, நோமுக்கு இன்ட் +2. இருவரும் 15 வாங்கினால் எல்ஃப் 16, நோம் 17. முதல் நிலையில் (லெவலில்) இருவருக்கும் +3தான். நோமின் அந்த இரண்டாவது புள்ளி சும்மா கிடக்கும். அதைச் செலவழிக்கத் தெரிந்தவர் நோமுக்கு 14 மட்டும் வாங்குவார். 7 புள்ளி செலவில் 16 வந்துவிடும், மிச்சமான 2 புள்ளி வேறு திறனுக்குப் போகும். ராக் நோமுக்கு கான்ஸ்டிட்யூஷன் +1 உண்டு என்பதால் கானை 13இல் வாங்கி 14 ஆக்கினால் அங்கேயும் 2 மிச்சம். ஆக, "+2 இருக்கிற இனம் பலமானது" என்பதைவிட "+2 இருக்கிற இனம் மலிவானது" என்பதே சரி.

இனி உங்கள் ட்வார்ஃப். மவுண்டன் ட்வார்ஃபுக்கு ஸ்ட்ரென்த் +2, கான் +2. இன்ட்டுக்கு ஒன்றும் இல்லை. ஸ்ட்ரென்த் 8, டெக்ஸ்டெரிட்டி 14, கான் 14, இன்ட் 15, விஸ்டம் 12, கரிஸ்மா 8 என்று வாங்குங்கள். மொத்தம் சரியாக 27. இனத்தைக் கூட்டினால் ஸ்ட்ரென்த் 10, கான் 16. அதே 27 புள்ளியை அதே மாதிரி ஹை எல்ஃபுக்கு வாங்கினால் டெக்ஸ் 16, இன்ட் 16, கான் 14.

இழப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ட்வார்ஃபின் இன்ட் +2, எல்ஃபுக்கு +3. மந்திரத்தால் தாக்கும்போது +4க்கு எதிராக +5. எதிரி தப்பிக்க உருட்ட வேண்டிய எண் 12க்கு எதிராக 13. இருபது உருட்டலுக்கு ஒரு முறைதான் இந்த வித்தியாசம் கண்ணில் படும். இதைவிட உறுத்துவது இன்னொன்று: ஒரு நாளைக்குத் தயார் செய்யும் மந்திரங்களின் எண்ணிக்கை இன்ட் மாடிஃபையரும் நிலையும் சேர்ந்தது. முதல் நிலையில் எல்ஃப் நான்கு தயார் செய்வார், நீங்கள் மூன்று. நான்கில் ஒன்று போவது சின்ன விஷயம் அல்ல, கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

வரவு என்ன? மவுண்டன் ட்வார்ஃபுக்கு லைட், மீடியம் கவசங்களில் தேர்ச்சி உண்டு. தேர்ச்சி இல்லாத கவசத்தை அணிந்தால் மந்திரமே போட முடியாது. விசார்ட்டுகள் வெறும் அங்கியோடு திரிவது அதனால்தான். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஸ்கேல் மெயில் 14, டெக்ஸிலிருந்து 2, ஆக ஏசி (உங்களை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 16. எல்ஃப் அதே 16ஐத் தொட மேஜ் ஆர்மர் மந்திரம் போட வேண்டும், அவருடைய டெக்ஸ் 16 என்பதால் 13+3. ஆனால் முதல் நிலை விசார்ட்டுக்கு நாளைக்கு இரண்டே ஸ்லாட், அதாவது மந்திரம் போடும் வாய்ப்பு. ஒன்றைக் கவசத்துக்கே கொடுத்துவிட்டால் சண்டைக்கு மிஞ்சுவது ஒன்று. ஆர்கேன் ரிகவரி என்ற விசார்ட் குணத்தால் ஒன்று திரும்ப வரும்தான், ஆனால் ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் கையில் வைத்திருப்பீர்கள். ஷீல்ட் மந்திரத்தைப் போட்டால் உங்கள் ஏசி அடுத்த முறை வரும்வரை 21.

ஒரு கோப்ளினை எதிரே நிறுத்திப் பாருங்கள். அதன் தாக்குதல் +4. மேஜ் ஆர்மர் போடாத எல்ஃபின் ஏசி 13, கோப்ளின் 9 அல்லது மேலே உருட்டினால் அடி விழும், 60 சதவீதம். ஏசி 16இல் 45 சதவீதம். விழுந்த அடி ஆறுமுகப் பகடையோடு 2, அதிகபட்சம் 8. எல்ஃப் விசார்ட்டின் எச்பி (உயிர்ப் புள்ளி) 6+2, அதாவது 8, சரியாக விழுந்துவிடுவார். உங்கள் எச்பி 6+3, 9. ஒற்றை எச்பியோடு நிற்பீர்கள், கிரிட்டிக்கல் (20 விழுந்து சேதப் பகடை இரட்டிப்பது) ஆகாத பட்சத்தில். விசார்ட் சாவது பெரும்பாலும் முதல் மூன்று நிலைகளில். அங்கே இந்த ஒரு எண் உயிர்.

இதில் மூன்று இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஒன்று, விசார்ட்டின் தொடக்கப் பொருட்களில் கவசம் கிடையாது. ஸ்கேல் மெயில் 50 தங்கக் காசு; பாத்திரத்தின் முந்தைய வாழ்க்கையாக ஸேஜ் (அறிஞர்) பின்னணி எடுத்தால் கையில் இருப்பது 10. அந்தப் பத்துக்கு ஹைட் கவசம் வாங்கினால் ஏசி 14 வரும், முதல் வேட்டையில் காசு சேரும்வரை அது போதும். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) இளகிய மனதுக்காரராக இருந்தால் முன்கூட்டியே பேசி ஒரு பழைய ஸ்கேல் மெயிலைக் குடும்பச் சொத்தாக எழுதிக்கொள்ளலாம். இரண்டு, ஸ்கேல் மெயிலில் பதுங்கிப் போவது கஷ்டம். ஸ்டெல்த் உருட்டலில் இரண்டு பகடை போட்டுக் குறைந்ததை எடுக்க வேண்டும். குழு பதுங்கிப் போகிற குழு என்றால் அதே 50 காசுக்கு செயின் ஷர்ட் வாங்குங்கள், ஏசி 15, சத்தம் இல்லை. மூன்று, கேடயம் இந்தத் தேர்ச்சியில் சேராது. "மீடியம் ஆர்மர் தெரியும்னா ஷீல்டும் தெரியும்" என்று நினைத்து 18 என்று எழுதிவிட்டு, மூன்றாவது ஆட்டத்தில் யாராவது விதிப்புத்தகத்தைப் புரட்டியதும் அசடு வழிவது வழக்கமான காட்சி.

நான்காம் நிலையில் ஃபீட் (கூடுதல் சிறப்புத் தகுதி) அனுமதி இருந்தால் அப்சர்வன்ட் எடுங்கள். இன்ட் ஒன்று கூடி 16 ஆகும், பாசிவ் பெர்செப்ஷனில் (உருட்டாமலே கவனிக்கும் எண்ணில்) 5 கூடும். அதற்குள் எல்ஃப் 18க்குப் போயிருப்பார், அந்த ஒரு படி வித்தியாசம் நீண்ட காலம் தொடரும். அதை ஒப்புக்கொண்டுதான் இந்த வழியில் போக வேண்டும். பன்னிரண்டாம் நிலை தாண்டும் ஆட்டம் என்று உறுதியாகத் தெரிந்தால் நானே எல்ஃப் அல்லது நோம் என்பேன். ஆனால் வேலைக்குப் போகிற ஐந்து பேர் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு சேரும் குழு எத்தனாம் நிலையில் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கவனித்திருப்பீர்கள், ட்வார்ஃப் விசார்ட்டுக்குப் பொருந்தியது விசார்ட் கிளாஸ் தராத ஒன்றை அது தந்ததால். இதைத்தான் எந்த கிளாஸுக்கும் பார்க்கச் சொல்வேன். அதே மவுண்டன் ட்வார்ஃபை ஃபைட்டருக்கு எடுத்தால் ஸ்ட்ரென்த்தும் கானும் அற்புதம், ஆனால் கவசத் தேர்ச்சி முழுக்க வீண். ஃபைட்டருக்கு எல்லாக் கவசமும் முன்பே தெரியும். எல்ஃபுக்கு வரும் வாள், வில் தேர்ச்சியும் ரேஞ்சரிடம் அப்படியே வீண். ஸ்கில் மட்டும் விதிவிலக்கு. எல்ஃபுக்கு இனத்திலிருந்தே பெர்செப்ஷன் வரும். பின்னணியிலும் அதே வந்தால் இரண்டில் ஒன்றுக்குப் பதில் வேறு ஸ்கில் எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. புதியவர்கள் பலர் இதைத் தெரியாமல் ஒரு ஸ்கில்லைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒன்றை ஒன்று மூடுவது வேறு, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது வேறு. ஹாஃப்-ஆர்க் கைச்சண்டை ஆயுதத்தில் கிரிட்டிக்கல் அடித்தால் ஆயுதப் பகடை ஒன்று கூடும். பார்பேரியனுக்கு ஒன்பதாம் நிலையில் அதே மாதிரி இன்னொன்று கூடும். இரண்டும் சேரும். அதோடு 0 எச்பிக்கு விழ வேண்டிய நேரத்தில் நீண்ட ஓய்வுக்கு ஒரு முறை 1இல் நிற்கும் குணம். இந்த ஜோடி தேய்ந்துபோன ஜோடிதான், ஆனால் தேய்ந்ததற்குக் காரணம் உண்டு.

சின்ன உருவ இனங்களிடம் ஒரு கண் வையுங்கள். ஹாஃப்லிங்கும் நோமும் ஸ்மால். ஹெவி என்று குறித்த ஆயுதத்தை ஸ்மால் ஆட்கள் பிடித்தால் ஒவ்வொரு தாக்குதலிலும் இரண்டு பகடையில் குறைந்ததுதான். கிரேட்ஸ்வோர்ட், கிரேட்ஆக்ஸ் மட்டுமல்ல, லாங்போவும் ஹெவிதான். "ஹாஃப்லிங் வில்லாளி" என்று ஆசையோடு டெக்ஸ் +2 பார்த்து எடுத்துவிட்டு, 150 அடி எட்டும் லாங்போவுக்குப் பதில் 80 அடி ஷார்ட்போவோடு மல்லுக்கட்டுபவர்களைப் பார்க்கலாம். நடை வேகமும் 30க்குப் பதில் 25 அடி. ஆறு விநாடிச் சுற்றில் ஐந்து அடி பெரிதில்லை என்று தோன்றும், ஓடுகிற எதிரியைத் துரத்தும்போது தெரியும். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஸ்மால் ஆள் மீடியம் விலங்கில் ஏறலாம். மாஸ்டிஃப் நாய் 25 தங்கக் காசு, வேகம் 40. சிரிப்பாக இருந்தாலும் விதிப்படி செல்லும்.

பதிலுக்கு ஹாஃப்லிங்குக்கு லக்கி. தாக்குதலோ திறன் சோதனையோ சேவோ (ஆபத்திலிருந்து தப்பிக்கும் உருட்டல்), பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம். இருபதில் ஒன்றாக இருந்த அபாயம் நானூறில் ஒன்றாகும். ரோக் ஆடுகிறவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம். நோமுக்கோ, மந்திரத்துக்கு எதிரான இன்ட், விஸ், கரிஸ்மா சேவ் எல்லாவற்றிலும் இரண்டு பகடை போட்டு உயர்ந்ததை எடுக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள சேவ் 75 சதவீதமாகும். இது விசார்ட்டைவிட ஃபைட்டருக்குத்தான் அதிகம் உதவும், ஏனென்றால் விசார்ட்டுக்கு இன்ட், விஸ் சேவ்களில் தேர்ச்சி ஏற்கனவே இருக்கிறது. ஃபைட்டருக்கு இல்லை, ஹோல்ட் பர்சன் மந்திரத்தில் சிலை மாதிரி நிற்பது எப்போதும் அவர்தான். லாங்ஸ்வோர்டும் கேடயமும் ஏந்திய நோம் ஃபைட்டரை யாரும் எடுப்பதில்லை, எடுத்தவர்கள் வருத்தப்படுவதில்லை. லாங்ஸ்வோர்ட் ஹெவி அல்ல.

ட்வார்ஃபுக்கும் வேகம் 25தான், ஆனால் ஹெவி கவசம் அதைக் குறைக்காது. இந்த ஒரு வரியைக் கடந்துபோய்விடாதீர்கள். செயின் மெயிலுக்கு ஸ்ட்ரென்த் 13 வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் 10 அடி போகும். ஹெவி கவசம் அணியும் லைஃப் கிளெரிக்காக ஹில் ட்வார்ஃப் ஆடினால் ஸ்ட்ரென்த்தை 8இலேயே விட்டுவிட்டு ஏசி 16ஓடு 25 அடி நடக்கலாம். அதே 8ஓடு மனித கிளெரிக் 20 அடிதான். மிச்சமான புள்ளிகள் விஸ், கானுக்குப் போகும். ஹில் ட்வார்ஃபுக்கு நிலைக்கு ஒரு எச்பி வேறு கூடுதல்.

இருட்டுப் பார்வை பற்றி எல்லோருக்கும் ஒரு தப்பான கற்பனை இருக்கிறது. பூனைக்கண் மாதிரி எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று. 60 அடிக்குள் மங்கிய வெளிச்சம் முழு வெளிச்சமாகத் தெரியும், கும்மிருட்டு மங்கிய வெளிச்சமாகத் தெரியும், அதுவும் சாம்பல் நிறத்தில். மங்கிய வெளிச்சத்தில் கண்ணால் தேடும் பெர்செப்ஷனுக்கு இரண்டு பகடையில் குறைந்தது, பாசிவ் எண்ணில் 5 கழியும். ஐந்து பேருக்கும் இருட்டுப் பார்வை இருக்கிறது என்று பந்தமே இல்லாமல் இறங்கும் குழு, படுகுழியை ஒவ்வொன்றாகக் காலால் கண்டுபிடிக்கும். ஒரு பந்தம் ஒரு செப்புக் காசு. 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அடுத்த 20 அடிக்கு மங்கல், ஒரு மணி நேரம் எரியும். அதனால் மனிதரை எடுத்தால் இருட்டில் கண் தெரியாதே என்று பயந்து ஒதுக்க வேண்டாம். விசார்ட் லைட் மந்திரத்தைக் கற்றுக்கொண்டால் ஸ்லாட் செலவே இல்லாமல் அதே வெளிச்சம். பதுங்கி முன்னே போய் உளவு பார்க்கிற ரோக்குக்குத்தான் இருட்டுப் பார்வை நிஜமாகவே தேவை.

டிரௌ எல்ஃபுக்குப் பார்வை 120 அடி, ஆனால் நேரடி வெயிலில் நீங்களோ குறியோ நின்றால் தாக்குதல் உருட்டலும் பெர்செப்ஷனும் அடிவாங்கும். பகலில் ஊர் ஊராகச் சுற்றும் கதை என்றால் தினமும் இதைச் சுமக்க வேண்டும். எதிரி சேவ் உருட்ட வேண்டிய மந்திரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதால் விசார்ட், பார்ட் தப்பித்துவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றும் தாக்குதல் உருட்ட வேண்டிய எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் மந்திரத்தையே நம்பும் வார்லாக் தப்பிக்க மாட்டார்.

மனிதர் சலிப்பான தேர்வு என்று பெயர் வாங்கியதற்கு ஒரு பகுதி காரணம் கணக்குப் பிழை. எல்லாத் திறனுக்கும் +1 என்றால் ஆறு புள்ளி, அள்ளித் தருவதாகத் தோன்றும். 15, 14, 13, 12, 10, 8 என்ற நிலையான வரிசையில் கூட்டினால் 16, 15, 14, 13, 11, 9. மாடிஃபையர் ஏறியது இரண்டே இடத்தில், 16இலும் 14இலும். மற்ற நான்கு புள்ளியும் தூங்கும். 27 புள்ளி முறையில் 15, 13, 13, 13, 11, 8 என்று ஒற்றைப்படையாகவே வாங்குங்கள். 16, 14, 14, 14, 12, 9 வரும், ஐந்து இடத்தில் பயன். இன்னும் நல்லது வேரியன்ட் மனிதர்: இரண்டு திறனுக்கு +1, ஒரு ஸ்கில், முதல் நிலையிலேயே ஒரு ஃபீட். விசார்ட்டுக்கு வார் காஸ்டர் எடுத்தால் அடிபட்டாலும் மந்திரம் கலையாமல் காக்கலாம். ஆனால் ஃபீட்டே 2014 விதிகளில் விருப்பத்துக்குரியது, டிஎம் சம்மதிக்க வேண்டும்.

கரிஸ்மாவை நம்பும் பார்ட், சோர்சரர், வார்லாக், பாலடின் நால்வருக்கும் ஹாஃப்-எல்ஃப்: கரிஸ்மா +2, நீங்கள் விரும்பும் இரண்டு திறனுக்கு +1, இரண்டு ஸ்கில், இருட்டுப் பார்வை. 2014 விதிப்புத்தகத்தில் இதைவிடத் தாராளமான இனம் இல்லை. டிராகன்பார்னை ஆசைப்பட்டு எடுப்பவர்கள் நெருப்பு மூச்சை நம்பி எடுத்து ஏமாறுவார்கள். 2டி6 (இரண்டு ஆறுமுகப் பகடை) சேதம், ஓய்வெடுக்கும்வரை ஒரே முறை, அதற்கு ஒரு முழு ஆக்‌ஷன் போகும். ஐந்தாம் நிலையில் இரண்டு முறை வெட்டும் ஃபைட்டருக்கு ஒற்றை எதிரி மேல் ஊதுவது நஷ்டம். மூன்று நான்கு பேர் ஒரே வரியில் நின்றால் மட்டும் ஊதுங்கள். டீஃப்லிங்கின் நெருப்பு எதிர்ப்பு அமைதியாக உழைக்கும். நெருப்புச் சேதம் போடுகிற எதிரிகள் அவ்வளவு பேர்.

கேரக்டர் ஷீட்டில் பேனா வைக்குமுன் டிஎம்மிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கதை பகலிலா, சுரங்கத்திலா? டிரௌ, டீஃப்லிங், ஹாஃப்-ஆர்க் வந்தால் ஊர்க்காரர்கள் கதவைச் சாத்துகிற உலகமா? பல உலகங்களில் அப்படித்தான், ஒவ்வொரு ஊரிலும் அந்தக் காட்சியை ஆட உங்களுக்கு விருப்பம் இருந்தால் எடுங்கள். மூன்றாவது, திறன் கூடுதலை இடம் மாற்ற அனுமதி உண்டா? 2020 நவம்பரில் வந்த துணைநூல் அந்த விருப்ப விதியைக் கொண்டுவந்தது. அது இருந்தால் உங்கள் கேள்விக்கே இடமில்லை. மவுண்டன் ட்வார்ஃபின் இரண்டு +2வையும் இன்ட், கானில் வைத்துக்கொண்டு கவசத்தையும் மாட்டிக்கொள்ளலாம். எல்ஃபைப் பரிந்துரைத்த நண்பர்களே பொறாமைப்படுவார்கள்.

யாராவது 2024 புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தால் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் இனத்துக்கு ஸ்பீஷீஸ் என்று பெயர், திறன் கூடுதல் பின்னணிக்குப் போய்விட்டது. ட்வார்ஃபின் கவசத் தேர்ச்சி இல்லை, ஆனால் வேகம் 30, இருட்டுப் பார்வை 120 அடி. ஹாஃப்-எல்ஃபும் ஹாஃப்-ஆர்க்கும் பட்டியலில் இல்லை. ஆர்க், கோலியாத், ஆசிமார் வந்திருக்கிறார்கள். மேலே போட்ட ட்வார்ஃப் கணக்கு அங்கே செல்லாது. மேசையில் எல்லோரும் ஒரே ஆண்டுப் புத்தகத்தைப் பார்க்கிறீர்களா என்பதை முதல் நாளே உறுதி செய்யுங்கள்.

உங்கள் விஷயத்தில், 2014 விதி, விருப்ப விதி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், மவுண்டன் ட்வார்ஃபையே எடுங்கள். தயார் செய்யும் மூன்று மந்திரங்களில் ஷீல்டும் ஸ்லீப்பும் இருக்கட்டும். ஸ்லீப்பில் எச்பியைப் பகடை உருட்டித்தான் கணக்கிடுவோம், எதிரிக்கு சேவ் கிடையாது, எனவே உங்கள் குறைந்த இன்ட் அங்கே தெரியவே தெரியாது. மூன்றாவதையும் அப்படியே, இன்ட்டை நம்பாத மேஜிக் மிஸைலாக வைத்துக்கொள்ளுங்கள். விஷத்துக்கு எதிரான சேவில் இரண்டு பகடையில் உயர்ந்தது, விஷச் சேதத்தில் பாதி என்ற ட்வார்ஃப் குணத்தை ஷீட்டின் முன்பக்கத்திலேயே எழுதுங்கள். பின்பக்கத்தில் எழுதினால், சிலந்தி கடித்து முழுச் சேதத்தையும் கழித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வரும்.